திருத்துகிற கண் எங்கே இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். தாவரவியலில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு, திருநெல்வேலியைச் சுற்றியுள்ள குளங்களில் வளரும் நீர்த்தாவரங்கள்தான் அவள் ஆய்வு. நான் இஞ்சியைத் தட்டிப் போட்டு டீ கொதிக்க விட்டிருந்தேன். அடுப்பு மேடையோரம் நின்றபடியே போனை நீட்டினாள். ஒரு ஃபோல்டர் நிறையச் சான்றிதழ்கள். ஒருநாள் வெபினார், மூன்றுநாள் இணையவழிப் பயிலரங்கு, வினாடி வினா, தேசியக் கருத்தரங்கு. நாற்பதுக்கு மேல் இருந்தன.

“இவ்வளவு சேர்த்து வச்சிருக்கேன் அத்தை. ஆனா ஒரு இன்டர்வியூல ‘உனக்கு என்னம்மா செய்யத் தெரியும்’னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. இன்னும் எதுல எல்லாம் சேரணும்?”

முப்பது ஆண்டு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் நான். இந்தக் கேள்வியை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். எம்.எஸ்சி. முடிக்கப்போகிறவர்கள், ஆய்வில் நான்காம் ஆண்டைத் தாண்டியவர்கள், வேலைக்கு மனுப்போட்டுக் களைத்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் அன்று அவளிடம் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன்.

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு முதலில் நான் ஒன்று கேட்டேன். “இத்தனைல எதுலயாவது, நீ செஞ்ச வேலையை ஒருத்தர் கையில வாங்கிப் பார்த்து, இங்க தப்பு, இங்க சரின்னு திருத்திக் கொடுத்தாங்களா?”

யோசித்தாள். “ஒண்ணுல. புள்ளியியல் ஒர்க்‌ஷாப். அவங்கவங்க டேட்டாவைக் கொண்டுவரச் சொன்னாங்க. நான் போட்ட டெஸ்ட் என் டேட்டாவுக்குப் பொருந்தாதுன்னு அங்கதான் தெரிஞ்சது.”

“எப்ப நடந்தது?”

“ஒன்றரை வருஷம் ஆச்சு.”

“இன்னும் மறக்கல பார்.”

நான் சொல்லவந்தது இவ்வளவுதான். ஆய்வு மாணவருக்கு வாய்ப்பு என்று வருகிற எதையும் எடைபோட ஒரு கேள்வி போதும். அங்கே உன் வேலையைத் திருத்துகிற கண் ஒன்று இருக்கிறதா? உன் கைடு அல்லாத, உன் ஆய்வகத்தைச் சேராத, உன்மேல் பாசமோ கோபமோ இல்லாத ஒருவரின் கண். அது இருந்தால் சான்றிதழே தராவிட்டாலும் போகலாம். அது இல்லையென்றால் போகிற நேரத்துக்குக் குளத்துக்குப் போய்விட்டு வரலாம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு தீசிஸைக் கைடும் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களும் மதிப்பிடுகிறார்கள். நான்கைந்து ஆண்டு உழைப்பைக் கட்டாயமாகப் படித்தாக வேண்டியவர்கள் அந்த மூன்றுபேர்தான். பட்டம் வாங்கிய பிறகு கூட வருவது அந்தக் கனத்த புத்தகத்தைவிட, அதை எழுதும்போது படிந்த பழக்கங்கள்: கேள்வியைக் கூர்மையாக்குவது, ஆதாரத்தைப் பத்திரப்படுத்துவது, தெரியாதவருக்கு விளங்க வைப்பது, கணக்கைச் சரிபார்ப்பது. இவை சரியாகப் படிந்தனவா என்று நமக்கு நாமே பார்த்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இது தெரியவந்த நாளை அவளிடம் சொன்னேன். நான் ஆய்வு மாணவியாக முதன்முதலில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளைச் சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய போஸ்டர். வயலோரக் களைச்செடிகளின் பட்டியல். இரண்டு மணிநேரம் அதன் பக்கத்தில் நின்றேன். தலைப்பைப் பார்த்துவிட்டு எல்லாரும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பட்டியலில் பதினோராவது பெயர்மேல் விரலை வைத்தார்.

“இது எங்கே இருக்கும்மா?”

“வயலில் இருக்கிறது சார்.”

“அது சரி. மாதிரி எங்கே இருக்கு?”

என்னிடம் மாதிரி இல்லை. செடியைப் பார்த்தேன், புத்தகத்தோடு ஒப்பிட்டேன், பெயரை எழுதினேன், பதப்படுத்தி வைக்கவில்லை. பெயர் என்பது நான் சொல்கிற சொல் மட்டும்தான், மாதிரி இருந்தால்தான் நாளைக்கு இன்னொருவர் அது சரியா என்று பார்க்கமுடியும் என்று பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குப் போனேன். எம்.எச். என்ற குறியீட்டால் உலகம் அறிந்த மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் இருக்கிறது. செய்தித்தாளுக்கு நடுவே செடியை விரிப்பது, ஓர் இலையையாவது புரட்டி அடிப்பக்கம் தெரிய வைப்பது, தாளை மாற்றி மாற்றி ஈரத்தை இழுப்பது, இடம், தேதி, சேகரித்தவர் எண் என்று சீட்டு எழுதுவது எல்லாம் அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீர்த்தாவரத்துக்குத் தனி வித்தை உண்டு. தண்ணீரைவிட்டு எடுத்தால் ஈரத்துணிபோல் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, செடியை மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகி மெல்லத் தூக்கினால் இலை இலையாக விரிந்து தாளோடு வரும். இதை என் மாணவர்களுக்கு முப்பது ஆண்டும் செய்து காட்டினேன். எல்லாம் அந்தப் பெரியவர் விரல் வைத்த இடத்தில் தொடங்கியது.

“சரி அத்தை, அந்த மாதிரி ஆளை நான் எங்க போய்த் தேட?” என்றாள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இனி வருவது.

முதலில், உன் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருப்பதைப் பார்ப்போம். அதே 2022 விதிமுறையில் மாணவர்கள் கவனிக்காமல் விடுகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் உட்கார்ந்து முன்னேற்றத்தைச் சொல்லவேண்டும். பலர் இதைக் கையெழுத்துச் சடங்காக முடித்துக்கொள்கிறார்கள். குழுவில் உன் கைடு தவிர மற்றவர்களும் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, “இந்த இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம்” என்று அடிக்கோடிட்டுக் காட்டு. கேள்வி கேட்டவளுக்குத்தான் பதில் கிடைக்கும். இரண்டு, எந்தத் துறையானாலும் ஆய்வு மாணவருக்குக் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி தரவேண்டும்; வாரத்துக்கு 4 முதல் 6 மணிநேரம் டுடோரியலோ லேபோ நடத்தவும் விடைத்தாள் மதிப்பிடவும் விடலாம் என்கிறது விதி. உன் துறையில் அப்படி யாரும் கொடுக்கவில்லையென்றால் நீயே போய்க் கேள். பி.எஸ்சி. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பிராக்டிகல் எடுத்துப் பார். எந்த இடத்தில் பிள்ளைகளின் முகம் மங்குகிறதோ அந்த இடம் உனக்கே விளங்கவில்லை என்று அர்த்தம். அவர்கள் பேனா எடுக்காமலே உன்னைத் திருத்திவிடுவார்கள்.

கோர்ஸ் ஒர்க்கில் வரும் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைத் தாளையும் மனப்பாடத் தாளாக ஆக்கிவிடாதே. மானியக் குழு 2019 டிசம்பரில் கொண்டுவந்தது. 2 கிரெடிட், 30 மணிநேரம். எது திருட்டு, ஒரு கட்டுரையில் யார் பெயர் வரவேண்டும், ஏமாற்று இதழை எப்படி அடையாளம் காண்பது என்று நாளைக்கு உன்னைத் தூங்கவிடாமல் செய்யப்போகும் கேள்விகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

அடுத்தது இணையப் படிப்பு. இதில் எல்லாமே வீண் இல்லை. 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல்லில் பாடம் கேட்கக் காசு இல்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், 4, 8, 12 வாரப் பாடங்கள் தொடங்கும். வாரா வாரம் அசைன்மென்ட். விருப்பமிருந்தால் பணம் கட்டித் தேர்வு மையத்தில் போய்ப் பரீட்சை எழுதலாம். ஒருநாள் வெபினாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அசைன்மென்ட்தான். ஆனால் அதையும் கணினிதான் திருத்துகிறது என்பதை மனதில் வைத்துக்கொள். ஆகவே ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம் எடு. எடுத்ததை அந்த மாதமே உன் டேட்டாவில் போட்டுப் பார். புள்ளியியல் கற்றால் உன் குளத்துக் கணக்கில். வரைபட மென்பொருள் கற்றால் உன் குளத்தின் வரைபடத்தில். பிறகு அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டு. அதுவரைக்கும் அந்தப் பாடம் முடிந்ததாக எண்ணாதே.

இந்த இடத்தில் அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு எழுதக்கூட வரும் அத்தை. பேசத்தான் பயம்” என்றாள்.

அவளுக்கு ஒரு கதை சொன்னேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு சமயம் கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த, குளிக்கிற நேரத்தை அளந்துகொள்ளச் சொல்லி அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. பல வீடுகளில் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணல் கடிகாரம் தொங்கியது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்புக்குத் தலைவராக இருந்த ஆலன் லாசன் அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்து ஒரு போட்டியை யோசித்தார். 2008இல் அது தொடங்கியது. பெயர் த்ரீ மினிட் தீசிஸ். விதி எளிது: அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, கையில் வேறு எந்தப் பொருளும் இல்லை, மூன்று நிமிடத்தைத் தாண்டினால் போட்டியிலிருந்து வெளியே. 80,000 சொல் தீசிஸை வாசித்துச் சொல்ல ஒன்பது மணிநேரம் ஆகும் என்பார்கள். அதை மூன்று நிமிடத்தில், அந்தத் துறை தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். இன்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன.

“உங்க யுனிவர்சிட்டியில இல்லைன்னா நீங்களே நாலுபேர் சேர்ந்து நடத்துங்க. ஒரு போன் கடிகாரமும் ஒரு வெறும் வகுப்பறையும் போதும். ஆனா நடுவரா வேற துறைக்காரங்களை உட்கார வை. வரலாறு படிக்கிற பொண்ணு ஒண்ணு, கணக்குப் படிக்கிற பையன் ஒருத்தன். அவங்களுக்கு விளங்கலேன்னா அது அவங்க குத்தமில்ல.”

அங்கேயே ஒரு தடவை பேசச் சொன்னேன். “நன்னீர்ச் சூழலமைவுகளின் பன்மயம்” என்று தொடங்கினாள். நிறுத்தி, “பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட சொல்ற மாதிரிச் சொல்லு” என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “ஆச்சி, நீங்க சின்னப்பிள்ளையில குளிச்ச குளத்துல அல்லி இருந்துச்சுல்லா? இப்ப அங்க வெங்காயத்தாமரைதான் இருக்கு. அல்லி எங்க போச்சு, அதுகூட வேற எதெல்லாம் போச்சுன்னு நான் கணக்கெடுக்கேன்.” இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அவளுக்கே தெரிந்தது, முகம் மலர்ந்தது.

பேச்சைப்போலத்தான் எழுத்தும். ஒரு மாநாட்டுக்கு அனுப்ப வைத்திருந்த ஆய்வுச் சுருக்கத்தைக் காட்டினாள். பென்சிலை எடுத்தேன். முதல் வாக்கியம் உலகத்தைப் பற்றி, இரண்டாவது இந்தியாவைப் பற்றி, மூன்றாவது தமிழ்நாட்டைப் பற்றி. அவள் குளங்கள் ஐந்தாவது வாக்கியத்தில்தான் வந்தன. அவள் கண்டுபிடித்தது கடைசி வாக்கியத்தின் பின்பாதியில் ஒளிந்திருந்தது. அந்தப் பின்பாதியிலிருந்து ஓர் அம்புக்குறி போட்டு உச்சிக்குக் கொண்டுபோனேன். உலகம், இந்தியா இரண்டையும் அடித்தேன். எத்தனை குளம், எந்த மாதங்கள், எதை எப்படி அளந்தாய் என்று ஓரத்தில் மூன்று கேள்வி எழுதினேன். அரைமணி நேரத்தில் அதே பக்கம் பாதியாகச் சுருங்கி, படிக்கிறவர் கையைப் பிடித்துக் குளக்கரைக்கு அழைத்துப்போவது போல ஆகிவிட்டது.

ஆய்விதழுக்கு அனுப்பும்போதும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள். நல்ல இதழ் உன் கட்டுரையை, உன்னைத் தெரியாத இரண்டு மூன்றுபேருக்கு அனுப்பும். அவர்கள் எழுதுகிற இரண்டு பக்கக் குறிப்பு, கட்டுரை நிராகரிக்கப்பட்டாலும் இலவசமாகக் கிடைத்த பாடம். பணம் கட்டினால் மூன்று நாளில் போடுகிற இதழில் திருத்துகிற கண்ணே கிடையாது. ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரத்துக்குச் சாட்சி ஆகாது. அது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. தரமான இதழ்கள் என்று மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியலை நிறுத்திவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள். இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது நம் தலையில்தான். தீசிஸ் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற மானியக் குழுவின் கட்டாயமும் 2022 விதிமுறையோடு போய்விட்டது. உன் பல்கலைக்கழகம் தனியாக என்ன கேட்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள். அவசரத்துக்காக மோசமான இதழில் விழவேண்டியதில்லை.

படிப்பதற்கு இதழ் கிடைக்கவில்லை என்ற பழைய குறையும் பெரிதும் குறைந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உன் நூலகர் அறைக்குப் போய், வீட்டிலிருந்து படிக்க என்ன வழி என்று கேள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்களைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் உன் தலைப்பை ஒட்டி யார் யார் தீசிஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடு. அவர்களில் ஒருவர்தான் உனக்கு நாளைய திருத்துகிற கண். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்றையும் இன்றைக்கே எடுத்துவிடு. 16 இலக்கம், காசு கிடையாது. இனிஷியல் மாறி மாறி வருகிற நம் பெயர்களுக்கு அது மிகவும் உதவும்.

தமிழிலும் எழுது. ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியதைத் தமிழில் எழுதும்போது விளங்காத இடம் பளிச்சென்று தெரியும். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. அங்கே உன் குளத்துச் செடி ஒன்றைப் பற்றி நான்கு பத்தி எழுதினால், முகம் தெரியாத யாராவது வந்து சான்று கேட்பார், எழுத்துப்பிழையைத் திருத்துவார். ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பதற்காகவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சர்’ என்று ஒரு போட்டியைத் தொடங்கியது, அப்போது பிஎச்.டி. பிரிவில் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். இப்படிப்பட்ட அறிவிப்புகளில் கண் வைத்திரு.

இரண்டாவது டீயோடு வெளியூர் விஷயத்துக்கு வந்தோம். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் கோட்டைவிடுகிறார்கள். தகுதியில் குறை இல்லை. கடைசித் தேதி போய்விடுகிறது. எம்.எஸ்சி. படிக்கிறவர்களுக்கு இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இருந்து வேலை பழகலாம். கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். பிஎச்.டி. பதிவு செய்தவர்களுக்கு ஃபுல்பிரைட் நேரு ஆய்வு உதவித்தொகையில் 6 முதல் 9 மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யலாம். பிரான்சுக்கு ராமன் சார்ப்பக் உதவித்தொகை, ஜெர்மனிக்கு டாட் உதவித்தொகை. சமூக அறிவியல் மாணவர்களுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் பணத்தில் நடக்கும் ஆய்வு முறையியல் பயிலரங்குகள் உண்டு. பத்து நாள் அங்கேயே இருந்து படிக்கிற வகை. கட்டுரை ஏற்கப்பட்டு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகப் பணம் இல்லாதவர்களுக்குப் பயண உதவித் திட்டங்கள் இருக்கின்றன. முன்பு செர்ப் வாரியம் நடத்தியதை இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை ஏற்றிருக்கிறது. சிஎஸ்ஐஆரும் பகுதி உதவி தருகிறது. எல்லாவற்றுக்கும் மாநாட்டுக்கு வெகு முன்னாலேயே மனுப்போட வேண்டும்.

“இதெல்லாம் எனக்குக் கிடைக்குமா?”

“கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனா மனுவுக்காக நீ எழுதுற அந்த ரெண்டு பக்கத் திட்டம் உன்கிட்டதானே இருக்கும்? உன் ஆய்வு எதுக்குன்னு ரெண்டு பக்கத்துல சொல்லத் தெரிஞ்சவளுக்கு வைவாவுல பயம் இருக்காது.”

வெளிநாடு போனால்தான் வாய்ப்பு என்றும் இல்லை. மணிமுத்தாற்றில் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. அவர்கள் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். தன்னார்வலர்கள் விடியற்காலையில் பைனாகுலரோடு குளக்கரையில் நிற்பார்கள். நீ செடியை எண்ணுகிற அதே குளத்தில் அவர்கள் பறவையை எண்ணுகிறார்கள். அங்கே இரண்டு நாள் நின்றால் உன் செடிகளை வேறு ஒருவர் கண்ணால் பார்க்கலாம். பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான்.

வேலை என்றால் கல்லூரி மட்டும்தான் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளச் சொன்னேன். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பதவிக்கு நெட், செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை. ஆகவே நெட் எழுதாமல் தீசிஸை மட்டும் நம்பி இருக்காதே. ஜேஆர்எஃப் வந்தால் மாதம் 37,000, பிறகு எஸ்ஆர்எஃப் 42,000 என்று 2023 ஜனவரியிலிருந்து உயர்ந்திருக்கிறது. தமிழ்நாடு அரசும் முழுநேர ஆய்வு மாணவர்களுக்குத் தகுதித்தேர்வு வைத்து முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. கல்லூரிக்கு வெளியே தாவரவியல் ஆய்வகங்கள், விதை நிறுவனங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், அறிவியல் இதழியல் என்று பல வாசல்கள். பேடன்ட் ஏஜென்ட் தேர்வு ஒன்று இருக்கிறது. அறிவியல் பட்டம் இருந்தால் எழுதலாம். இரண்டு தாளும் ஒரு நேர்முகமும். நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. புதிதாக ஒன்றைப் பிழையில்லாமல் விவரித்து எழுதத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல தொழில்.

கஷ்டங்களை நான் மறைக்கவில்லை. உதவித்தொகை இல்லாமல் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு பயணமும் கைக்காசு. எந்த வாசலில் நுழைந்தாலும் பதிவுக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்பதில் வெட்கப்படக் கூடாது. கேட்டால் பல இடங்களில் கொடுக்கிறார்கள். கல்யாணம், குழந்தை என்று இடையில் நிற்கிற பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும், காலவரம்பில் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் அந்த 2022 விதியிலேயே இருக்கின்றன. சலுகை கேட்கிறோம் என்று கூசவேண்டாம். அது உன் உரிமை. கைடு வெளியே விடமாட்டார் என்ற பயம் இருந்தால், ‘போகலாமா’ என்று மொட்டையாகக் கேட்காமல் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போ. எங்கே, எத்தனை நாள், அங்கே கற்பது தீசிஸில் எந்த அத்தியாயத்துக்கு உதவும், அந்த நாட்களில் இங்கே நிற்கிற வேலையை எப்போது முடிப்பேன். இப்படிக் கேட்கிற மாணவரை மறுக்கப் பல கைடுகளுக்கு மனம் வராது.

காலண்டர்த் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். இந்த ஆண்டு ஒரு பாடம், தேர்வோடு. ஒரு பேச்சு, வேற்றுத் துறையார் முன்னால். ஒரு கட்டுரை, தெரியாதவர் திருத்தும்படி. ஓர் இடம், உன் ஆய்வகத்துக்கு வெளியே. நான்குக்கும் கடைசித் தேதி போட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். நான்கு போதும். மற்ற நாளெல்லாம் குளத்துக்கும் மைக்ராஸ்கோப்புக்கும்.

கிளம்பும்போது வாசலில் நின்று, “திருத்தினா மனசு வலிக்குமே அத்தை” என்றாள். வலிக்கும். என் பதினோராவது பெயரில் அந்த விரல் நின்றபோது எனக்கும் காது சூடானது. ஆனால் திருத்துகிறவர் தன் நேரத்தை உனக்குக் கொடுக்கிறார். உன்னை இழிவுபடுத்துகிறவரும் திருத்துகிறவரும் ஒன்றில்லை. உன் பக்கத்தைக் காட்டிப் பேசுகிறவரைக் கேட்டுக்கொள். உன்னைக் காட்டிப் பேசுகிறவரை விட்டு விலகு.

நேற்று ராத்திரி போன் செய்தாள். சுருக்கத்தை வேறு ஊரில் உள்ள ஓர் ஆய்வாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறாள். ஷோத்கங்காவில் தேடிக் கண்டுபிடித்த ஆள். பதில் வந்துவிட்டது. பாராட்டு ஒரு வரி, திருத்தம் ஆறு. அவற்றில் முதலாவது வெங்காயத்தாமரையின் பெயர். ஐக்கார்னியா கிராசிப்ஸ் என்று எழுதியிருந்தாள். 2018இல் அந்தப் பேரினத்தையே வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது பொன்டெடேரியா கிராசிப்ஸ் என்று எழுதவேண்டும் என்று குறித்திருக்கிறார்.

“நீங்களும் பென்சில் வச்சுப் பார்த்தீங்களே அத்தை, உங்களுக்கும் தெரியலையா?”

தெரியவில்லை. முப்பது ஆண்டு கரும்பலகையில் நான் எழுதிய பெயர் ஐக்கார்னியாதான். போனை வைத்ததும் என் பழைய குறிப்பேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி, பழைய பெயரின்மேல் ஒரு கோடு போட்டுப் புதிய பெயரைப் பக்கத்தில் எழுதினேன். ஓரத்தில் தேதியும் போட்டேன்.